இல்லை என்று கையெழுத்துப் போடாதவள்

அவளைக் கூட்டிக்கொண்டு புடவை எடுக்கப் போகக் கூடாது. நான் போனேன், பட்டேன்.

தங்கை மகள் கல்யாணத்துக்காகத் தி. நகரில் ஒரு பெரிய கடைக்குப் போயிருந்தோம். மூன்றாவது மாடியில் இரண்டு மணி நேரம் கால் கடுக்க நின்று, மயில் கழுத்து நிறத்தில் ஒரு பட்டைத் தேர்ந்தெடுத்திருந்தேன். எடுத்துக் காட்டிக்கொண்டிருந்த அண்ணாச்சி, “ஒரு கொறை சொல்ல முடியாதும்மா, நம்பி எடுத்துக்கிடுங்க” என்று மடிக்கப் போனார். ஆபீஸில் என்கூட வேலை பார்த்த இவள் குறுக்கே கையை நீட்டி, முந்தானையைப் பிடித்து ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கினாள்.

“அண்ணே, இங்க நூலு இழுத்துக்கினு கீதே.”

“அது டிசைன்ம்மா.”

“டிசைனா? அப்ப அந்தப் பக்கம் ஏன் இல்ல?”

அண்ணாச்சி சிரித்து மழுப்பினார். விட்டாளா? நூலை நகத்தால் தொட்டுக் காட்டினாள். பக்கத்தில் நின்ற நாலு பெண்களும் தங்கள் கையிலிருந்த புடவைகளைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். மேற்பார்வையாளர் ஓடி வந்தார். அந்த மாடியே எங்களைத்தான் பார்த்தது. புடவையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அவளை இழுத்துக்கொண்டு படியிறங்கினேன். “அவர்தான் டிசைன்னு சொல்றாரே, என் மானத்தை ஏன்டி வாங்கறே?” என்று கத்தினேன்.

“அவரு சொன்னா ஆச்சா? நான் பாத்தேன்மே” என்றாள், ஏதோ நான்தான் புரியாமல் பேசுகிற மாதிரி.

அவள் அவ்வளவுதான். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல வராது. பார்க்காததைப் பார்த்தேன் என்றும் சொல்ல வராது. பெரிய அரிச்சந்திரன் பேத்தி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வேலைக்கு வாரம் ஒரு நாளாவது தாமதமாக வருவாள். நாங்கள் எல்லாம் ட்ராஃபிக், தலைவலி, மாமியாருக்கு மூச்சுத் திணறல் என்று கதை விடுகிற இடத்தில் இவள் மட்டும், “தூங்கிட்டேன் சார்” என்பாள். அதற்கு மேல் முதலாளி என்ன கேட்பார்? போய் வேலையைப் பார்க்கச் சொல்லிவிடுவார்.

இப்போது நான் மயிலாப்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு செய்து பிழைக்கிறேன். பத்தொன்பது வருஷம் ஏ.சி. அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் இங்கே வந்து வாடகை ஒப்பந்தம் அடித்துக்கொண்டிருப்பதற்கு அவள்தான் காரணம். திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். அவளைத் திட்ட வேறு நிறைய விஷயம் இருக்கிறது.

ஆழ்வார்பேட்டையில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். பெரிய கட்டடம் கட்டப் போகிறவர்கள் அந்த இடத்தில் என்ன மரம், என்ன தண்ணீர், என்ன பறவை, என்ன பிராணி என்று ஆராய்ந்து அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். அதைத் தயார் செய்து தருவது எங்கள் தொழில். முதலாளி விலங்கியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். கெட்டவர் இல்லை. ஆயுத பூஜைக்குத் தன் கையாலேயே எல்லோருக்கும் பொரி கட்டிக் கொடுப்பார். நான் அறிக்கையை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்பவள். அவள் முதலாளியோடு இடங்களுக்குப் போய் டேப் பிடிக்கிறவள், குச்சி நடுகிறவள், புதருக்குள் நுழைகிறவள்.

அந்த அறிக்கையில் உயிர்நாடியான வரி ஒன்று உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை என்று இருக்கிறது. அதில் பெயர் உள்ள பிராணி உங்கள் மனையில் குடியிருந்தால் போச்சு. அதைக் காப்பாற்றத் தனியாகத் திட்டம் எழுத வேண்டும், வனத்துறைக்கு நடையாய் நடக்க வேண்டும், கட்டடத்தைச் சுருக்க வேண்டும், சில சமயம் மனையையே மறக்க வேண்டும். அதனால் எல்லா பில்டருக்கும் வேண்டியது ஒரே வரிதான். ‘முதல் அட்டவணை உயிரினம் எதுவும் இல்லை.’ அந்த வரியை நான் எத்தனை தடவை அடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன்.

இல்லை என்று வரவழைக்க ஒரு முறையும் இருந்தது. சர்வேக்கு ஆள் போவதற்கு முந்தின வாரமே பில்டர் ஜேசிபியை விட்டு இடத்தைச் சுத்தம் செய்துவிடுவார். அதற்குச் சுத்தம் என்றுதான் பெயர். புதர், புற்று, பொந்து எல்லாம் போய் மைதானமாகக் கிடக்கும். அப்புறம் முதலாளி காரில் கிளம்பிப் பகல் பதினோரு மணிக்குப் போய் இறங்குவார். சுட்டெரிக்கிற வெயிலில் எந்தப் பிராணி வெளியே வந்து வணக்கம் வைக்கும்? இரண்டு காக்கை, ஒரு ஓணான். எழுதிக்கொண்டு வந்துவிடுவார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பழைய அறிக்கையை எடுத்து, ஊர் பெயரை மட்டும் மாற்றிப் புது அறிக்கை ஆக்குவது. ஒரு தடவை மலையூர் ரிசார்ட் ஒன்றுக்குச் செய்ததை எடுத்துப் பல்லாவரம் பக்கத்து மனை ஒன்றுக்கு மாற்றினோம். அவளுக்கு ஆங்கிலம் வராது. எனக்கு மதிய நேரத்தில் பொழுது போக வேண்டுமே என்று பிராணிப் பட்டியலைத் தமிழில் அவளுக்குப் படித்துக் காட்டினேன். மலையணில் என்ற இடத்தில் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னாது? மலையணிலா? பல்லாவரத்துலயா? எந்த மலைமே, அந்தக் கல்லு ஒடைக்கிற மலையா?”

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் எழுந்து போய் முதலாளி அறைக் கதவைத் தட்டி, “சார், அணிலத் தூக்கிடுங்க. நான் பாக்கல” என்றாள். எனக்குத்தான் திட்டு விழுந்தது.

அவள் ஏதோ பிராணிகள் மேல் உயிரையே வைத்திருந்தாள் என்றும் சொல்ல முடியாது. நரியைச் சனியன் என்றுதான் சொல்வாள். அடையாற்றோரம் குடிசையில் இருந்த காலத்தில் அவள் வளர்த்த கோழிகளை அது தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. அடையாற்றுக் கழிமுகத்தைக் காப்பாற்றுகிற கூட்டம் ஒன்று ஒரு தடவை அவளைத் தேடி வந்தது. படித்த பிள்ளைகள், நல்ல பிள்ளைகள். அங்கே நீர்நாய் பார்த்தேன் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் வழக்குக்கு உதவும் என்று கெஞ்சினார்கள். “நீர்நாய நான் படத்துலதான் பாத்துக்கீறேன்” என்று அனுப்பிவிட்டாள். அவர்கள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அப்படிப்பட்டவளுக்குத்தான் அந்த மனை வந்து வாய்த்தது.

பட்டினப்பாக்கத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே, கழிமுகத்தை ஒட்டிப் பழைய தோட்டம் ஒன்று. அண்ணன் தம்பிகள் வழக்காடி வழக்காடி, முப்பது வருஷம் யாரும் கால் வைக்காமல் காடாகிக் கிடந்தது. வழக்கு முடிந்ததும் ஒரு பில்டர் வாங்கிவிட்டார். கடலைப் பார்த்த மாதிரி நாலு அடுக்குமாடிக் கோபுரம் கட்டப் போகிறார்கள். பட்டா கைக்கு வந்த அவசரத்தில் ஒரு தப்பு செய்தார்கள். ஜேசிபி விடுவதற்கு முன்னாலேயே எங்களைச் சர்வேக்கு அனுப்பிவிட்டார்கள்.

குடிசையை இடித்த பிறகு அவள் குடும்பத்தை ஊர்க் கோடியில் பெரும்பாக்கத்து அரசுக் குடியிருப்புக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வர வேண்டும். ஆனாலும் அன்றைக்கு முதல் பஸ் பிடித்து, விடிகிற நேரத்துக்கே தோட்டத்துக்குள் போயிருக்கிறாள். ஏன் என்று பிறகு கேட்டேன். “பதினோரு மணிக்கு இன்னாத்தப் பாக்கறது? வந்தா ஒழுங்கா பாக்க வேணா?” என்றாள். முதலாளி பதினோரு மணிக்குக் காரிலிருந்து இறங்கியபோது அவள் வேலியோரம் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாளாம்.

“சார், காத்தால ரெண்டு நரி. வளைக்குள்ளாற மூணு குட்டி. அந்தத் தாழைக்குப் பின்னால கீது.”

நரி முதல் அட்டவணையில் இருக்கிறது. குட்டியோடு இருந்தால் சொல்லவே வேண்டாம். முதலாளி, “நான் பார்க்கலையேம்மா” என்றிருக்கிறார். “நான் பாத்தேன் சார்” என்றிருக்கிறாள் இவள். வளை வரைக்கும் வந்து பாருங்கள் என்று கூப்பிட்டதற்கு, ஷூ சேறாகிவிடும் என்று அவர் வரவில்லை.

எங்கள் கம்பெனியில் சர்வே தாளில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று படித்தவருடையது, இன்னொன்று கூடப் போனவருடையது. வெறும் மைதானத்தில் ஒன்றும் கண்ணில் படாததால் இதுவரை அவளும் போட்டிருக்கிறாள். மறுநாள் முதலாளி தாளில் ‘இல்லை’ என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டு, அவள் முன்னால் தள்ளினார். நானும் அங்கேதான் இருந்தேன். பில்டரின் மேனேஜரும் எதிர் நாற்காலியில் இருந்தார்.

“இல்லைன்னு எழுதிக்கீது. நான் போட மாட்டேன் சார்.”

முதலாளி நயமாகப் பேசிப் பார்த்தார். அவள் பேனாவையே தொடவில்லை. மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது.

“ஏம்மா, ஆத்தோரத்துல உன் குடிசைய இடிச்சாங்களே, அப்ப எந்த நரி வந்து உனக்காகக் கையெழுத்துப் போட்டுச்சு?”

எனக்கே சுருக்கென்றது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, மேனேஜருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். முதலாளி அறையில் அவள் அதுவரை உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

“கேட்டியே, சொல்றேன் கேளு. வூட்ட எடுக்கறதுக்கு முன்ன கணக்கெடுக்க வந்தானுங்க. பகல் பதினோரு மணிக்கு. நான் வேலைக்குப் பூட்டேன், எங்க வூட்டுக்காரரு மீன் ஏலத்துல, புள்ளைங்க ஸ்கூல்ல. கதவு பூட்டிக்கினு இருந்துச்சு. ‘ஆள் இல்லை’ன்னு எழுதிக்கினு போய்ட்டானுங்க. பதினேழு வருசம் அங்க குடும்பம் நடத்தினவ நானு. ரெண்டு புள்ள பெத்தேன் அங்க. அந்த ரெண்டு வார்த்தைய மாத்த மூணு வருசம் நாயா அலைஞ்சேன். அதுக்கு அப்பாலதான் பெரும்பாக்கத்துல வூடு குட்தானுங்க. பதினோரு மணிக்கு வந்து பாத்துட்டு இல்லைன்னு எழுதற பொழப்ப வேற எவகிட்டயாவது குடு நைனா. என்கிட்ட குடுக்காத.”

எழுந்து போய்விட்டாள். சாயந்திரம் முதலாளி போன் செய்து, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இனி எழுதப் போவதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். முதலாளி அதே தாளை என்னிடம் கொண்டுவந்தார். “நீங்க போட்டுடுங்கம்மா, ஒரு ஃபார்மாலிட்டிதான்” என்றார். “நான் அங்கே போகவே இல்லையே சார்” என்றேன். “யார் கேட்கப் போறாங்க?” என்றார். என் கணவர் காலமான பிறகு ஆதம்பாக்கத்து வீட்டு வாடகை என் சம்பளத்தில்தான் ஓடியது. அதையெல்லாம் யோசித்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். ஒன்றும் யோசிக்கவில்லை. பத்தொன்பது வருஷம் அடித்த வரிதானே என்று போட்டுவிட்டேன். அவள் பேசியதை என் காதால் கேட்டு இரண்டு நாள்கூட ஆகவில்லை. சீ, என்ன ஜென்மம் நான்!

அவள் சும்மா இருக்கவில்லை. அனுமதி கொடுக்கிற ஆணையத்தின் அலுவலகத்துக்குப் போய், கோடு போட்ட தாளில் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். இத்தனை நரி, இத்தனை குட்டி, இந்த இடம், நான் பார்த்தேன், என் கையெழுத்து. எங்கள் அறிக்கை ஒன்று சொல்ல, அவள் தாள் வேறு சொல்ல, மூன்று பேர் கொண்ட குழு நேரில் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்ட எல்லோரும் வர வேண்டும் என்று போட்டிருந்தது.

அதற்குள் ஜேசிபி வந்து போய்விட்டது. நாங்கள் போனபோது தோட்டம் இருந்த இடத்தில் செம்மண் தரை. தாழை இல்லை, வளை இல்லை. ஓரமாகப் பந்தல் போட்டு, வெள்ளைத் துணி கட்டிய நாற்காலிகள். வருகிறவர்களுக்கு இளநீர் சீவிக்கொண்டிருந்தார்கள். அவள் பந்தலுக்குள் வரவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றாள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் கையெழுத்து அந்தத் தாளில் இருப்பது அவளுக்கு அதுவரை தெரியாது.

குழுவுக்குத் தலைமை தாங்கியவர் வயதான ஓர் அம்மா. கேன்வாஸ் ஷூ, தொப்பி. இளநீரைத் தொடவில்லை. நேராக அவளிடம் போனார்.

“நீங்கதானே எழுதிக் கொடுத்தது? எங்கே பார்த்தீங்க?”

அவள் இடத்தைக் காட்டினாள். அங்கே ஜேசிபியின் சங்கிலித் தடம்தான் இருந்தது.

“இப்போ இருக்கா?”

சொல்லுடி, சொல்லு என்று நான் உள்ளுக்குள் கத்தினேன். நேற்றுகூடப் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை. அந்த ஆற்றோரத்தில் நரி இருப்பது ஊருக்கே தெரியும், யாரும் பொய் என்று சொல்லப் போவதில்லை. ஒரு சின்னப் பொய்யில் எல்லாம் முடிந்துவிடும்.

“தெரியல மேடம். ஜேசிபி வந்ததுக்கு அப்பால நான் பாக்கல. மூணு நாளா விடிகாலைல வந்து நின்னேன். கண்ணுல படல. பாக்காதத இருக்குதுன்னு சொல்ல மாட்டேன்.”

மேனேஜர் சிரித்தேவிட்டார். முதலாளிக்கு மூச்சு வந்தது. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. பைத்தியக்காரி. வேலை போச்சு, நரியும் போச்சு. இனிமேல் இந்த மண்ணில் நாலு கோபுரம் எழும்பும். குட்டிகள் எங்கே புதைந்தனவோ, யாருக்குத் தெரியும்?

அந்த அம்மா கோப்பைத் திறந்து எங்கள் சர்வே தாளை எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“அப்போ, ஜேசிபி வர்றதுக்கு முன்னால இங்கே வந்து பார்த்து ‘இல்லை’ன்னு கையெழுத்துப் போட்டிருக்கிற இன்னொருத்தர் யார்?”

முதலாளி என்னைப் பார்த்தார். வெயிலில் நின்றவளும் திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் ஏதாவது திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன், அழுதாவது சமாளித்திருப்பேன். அவளோ, சொல்ல வேண்டியது நீதான் என்பது போல நின்றாள்.

“எங்க ஸ்டாஃப்தான் மேடம், அன்னைக்கு என்கூட வந்தாங்க” என்று முதலாளி எனக்காக ஆரம்பித்தார்.

“வரலை” என்றேன். என் குரல் எனக்கே பெரிசாகக் கேட்டது. “நான் போட்டதுதான் மேடம் அந்தக் கையெழுத்து. ஆனா நான் வரலை. இந்த இடத்துல நான் கால் வைக்கறதே இன்னைக்குத்தான். நான் ஆபீஸ்ல உட்கார்ந்து டைப் அடிக்கறவ. கூட வந்தது அவதான். அவ பார்த்ததுனாலதான் போட மாட்டேன்னா. அவளுக்குப் பதிலா என்னைப் போடச் சொன்னாங்க, போட்டேன்.”

“என்னம்மா பேசறீங்க?” என்று மேனேஜர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “சும்மா இருய்யா!” என்றேன். என் வாழ்நாளில் ஒரு மேனேஜரை அப்படிச் சொன்னதில்லை. சொன்னது நன்றாகத்தான் இருந்தது.

அந்த அம்மா மற்ற இரண்டு பேரோடும் தனியாகப் பேசிவிட்டு வந்தார். இந்த அறிக்கையை ஏற்க முடியாது என்றார். நாலு பருவமும், ஒரு வருஷம் முழுக்க, வேறு ஆட்கள் வந்து பார்க்க வேண்டும், அதுவரை இங்கே ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது என்றார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“இப்போ சொன்னதை எழுதிக் கொடுப்பீங்களா?”

இளநீர் வைத்திருந்த மேஜையிலேயே ஒரு தாளை வைத்து எழுதினேன். பத்தொன்பது வருஷத்தில் இந்தத் தொழிலில் தமிழில் நான் எழுதிய முதல் தாள் அது. நான் பார்க்கவில்லை, பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன், என்று இரண்டே வரி. கீழே கையெழுத்து. நிமிர்ந்தபோது அவள் பந்தலுக்குள் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். எழுத்து எழுத்தாக விரல் வைத்து இரண்டு வரியையும் படித்தாள். கட்டிக்கொள்வாளோ, கன்னத்தில் அறைவாளோ என்று காத்திருந்தேன்.

“தேதி போடுமே” என்றாள். “போடலன்னா நாளைக்கு இந்தத் தாளையே இல்லைன்னுடுவானுங்க.”

போட்டேன்.